தர்பூஸுக்கு ஒட்டிய ‘ணி’

தர்பூசணி என்ற சொல்லில் பூசணி கிடையாது. செடிநூல்படி இரண்டும் ஒரே குடும்பத்துக் கொடிகள்தான். சுரை, பீர்க்கு, பாகல், வெள்ளரி எல்லாமே அந்தக் குடும்பத்துப் பங்காளிகள். ஆனால் பெயரில் அந்த உறவு கிடையாது. கப்பலிலோ குதிரையிலோ ஏறி இங்கே வந்த சொல் தர்பூஸ். ‘ணி’ நாம் ஒட்டியது.

பாரசீகத்தில் தர்புஸ், உருதுவில் தர்பூஸ், இந்தியில் வாய்க்கு வாய் தர்பூஸ், தர்பூஜ் என்று மாறும். சென்னைத் தள்ளுவண்டிக்காரர் இன்றும் கடைசி எழுத்தைச் சிதைக்காமல் ‘தர்பூஸ்’ என்றுதான் கூவுகிறார். அந்தக் கடைசி ஒலி தமிழ் எழுத்துக்குள் அடங்காது. ஸகரமானாலும் ஜகரமானாலும் நம்மிடம் சகரமாகும். முறைப்படி ‘தர்பூசு’ என்று நின்றிருக்க வேண்டிய சொல் அது. ஆனால் காதில் ‘பூச’ என்று விழுந்ததுமே தமிழனுக்கு ஒரு காய் நினைவுக்கு வந்துவிட்டது. தரையில் படரும் கொடி, உருண்டை வடிவம், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். இது பூசணி வகை அல்லாமல் வேறென்ன? இப்படித்தான் முன்னால் நின்ற ‘தர்’ ஒரு அடைமொழி போலாகி, பின்னால் ஒரு முழுப் பூசணி வந்து உட்கார்ந்துகொண்டது.

இதோடும் விடவில்லை. ‘தற்பூசணி’ என்று றகரம் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. தற்காப்பு, தற்பெருமை என்று எழுதிப் பழகிய கை அது. அவர்கள் கணக்கில் ‘தர்’ என்ற அந்த அந்நியத் துண்டுக்கும் ஒரு தமிழ் முகம் கிடைத்துவிட்டது. பிழைதான். ஆனாலும் ஒரு சொல்லை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சமஸ்கிருதமும் இதே வேலையைச் செய்திருக்கிறது. அதன் அகராதிகளில் ‘தரம்புஜம்’ என்றொரு சொல் உண்டு. பாரசீகச் சொல்லுக்குப் பண்டிதர் கட்டிய வேட்டி அது. அம்பு என்றால் நீர். அம்புஜம் என்றால் நீரில் பிறந்தது, தாமரை. நீர் நிறைந்த பழத்தின் பெயருக்குள் ‘அம்பு’ கிடைத்தால் பண்டிதர் விடுவாரா? நமக்குக் காய் கேட்டது, அவர்களுக்குத் தண்ணீர் கேட்டது.

பாரசீகச் சொல்லையே பிரித்தாலும் தண்ணீர்தான் வருகிறது. ‘தர்’ என்றால் ஈரம். கூடப் பிறந்த சொல் ‘கர்பூஸா’. நாம் முலாம்பழம் என்கிறோமே, அது. அதைக் கர் + பூஸா என்று பிரித்து, ‘கர்’ என்றால் கழுதை, இங்கே ‘பெரிய’ என்ற பொருளில் வருகிறது என்று விளக்குவார்கள். ஆக ஒன்று ஈரப்பழம், மற்றது கழுதைப்பழம். கழுதைப்பழம் வடக்கே போய்த் துருக்கியில் ‘கார்புஸ்’ ஆயிற்று, கிரேக்கத்தில் ‘கார்பூசி’ ஆயிற்று, ரஷ்யாவில் ‘அர்பூஸ்’ ஆயிற்று. மூன்று மொழியிலும் இன்று அதன் பொருள் முலாம்பழம் இல்லை, தர்பூசணி! ஈரம் தெற்கே வந்தது. கழுதை வடக்கே போய் ஈரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

‘தர்’ என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது மிக்ஸியைத் திறந்தால் தெரியும். பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு தண்ணீர். ஆகவே ஜூஸ் போடும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்தாலும் அது வீண். துண்டுகளைப் போட்டு ஒரு திருப்பு, நிறுத்தி இன்னொரு திருப்பு, அவ்வளவே. தொடர்ந்து ஓடவிட்டால் கண்ணில் தப்பிய விதைகள் அரைபட்டு, நாக்கில் நறநறவென்று மண் போல ஒரு துவர்ப்பைத் தரும். மேலே இளஞ்சிவப்பு நுரை பொங்கி, கீழே சாறு தனியாகப் பிரிந்து நிற்கும். ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சை, நாலு புதினா இலை போதும். உப்பு போட்டால் இனிப்பு தூக்கலாகத் தெரியும். சர்க்கரை டப்பாவைத் தொட வேண்டாம்.

ஸ்மூத்தி என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இது போதாது. ஸ்மூத்தி என்றால் தொண்டையில் வழுவழுவென்று, கெட்டியாக இறங்க வேண்டும். பெயரே அதைத்தான் சொல்கிறது. ஈரத்தையே பெயராகக் கொண்ட பழத்தைக் கெட்டியாக்க ஒரே வழி, விதை நீக்கிய துண்டுகளைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் நாலைந்து மணி நேரம் வைப்பது. அவை கல்லாக இறுகிய பிறகு ஒரு கரண்டி கெட்டித் தயிரோ பாதி வாழைப்பழமோ சேர்த்து அடித்தால் ஐஸ் கட்டியே தேவைப்படாது. ஐஸ் போட்டால் உருகிய பின் வெறும் சிவப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். டெல்லி ஜும்மா மசூதிப் பக்கம் பாலில் ரூஹ் அஃப்சா என்ற ரோஜாப் பாகை ஊற்றி, பொடியாக நறுக்கிய தர்பூஸைக் கொட்டி ‘முஹப்பத் கா ஷர்பத்’ என்று விற்கிறார்கள். அங்கே பழத்தை அரைப்பதே இல்லை, மெல்ல விடுகிறார்கள். மெக்சிகோவில் பழத்தோடு தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை சேர்த்து அடித்து வடிகட்டி ‘அகுவா தே சாந்தியா’ என்பார்கள். அகுவா தண்ணீர், சாந்தியா தர்பூசணி.

அந்தச் சாந்தியாவின் ஊர் எது தெரியுமா? சிந்து. சிந்து நாட்டுப் பழம் என்ற அரபுப் பெயரை ஸ்பானியர் வாங்கி, அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். சரி, சிந்துதான் தாயகம் என்று முடிவு கட்டலாமா? ஈரானில் போய்க் கேட்டால் இன்று தர்புஸ் என்று சொல்ல மாட்டார்கள். ஹெந்தவானே, அதாவது ஹிந்துஸ்தானத்துச் சரக்கு என்பார்கள். நாம் பாரசீகச் சொல்லால் அழைக்கிறோம், அவர்கள் நம் நாட்டின் பெயரால் அழைக்கிறார்கள். சீனர்கள் ‘ஷீகுவா’ என்கிறார்கள்; மேற்குத் திசைக் காய் என்று பொருள். கிழக்கே இருப்பவன் மேற்கைக் காட்டுகிறான், மேற்கே இருப்பவன் கிழக்கைக் காட்டுகிறான். உண்மையான ஊரை இந்தப் பெயர்களில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. கொடி பிறந்தது ஆப்பிரிக்காவில். சூடானின் கோர்டோஃபான் பகுதியில் விளையும் வெள்ளைச் சதை கொண்ட ஒரு பழம்தான் இன்றைய தர்பூசணிக்கு மிக நெருங்கிய உறவு என்று 2021-ல் மரபணு ஆய்வு சொன்னது. எகிப்தில் துத்தன்காமன் கல்லறைக்குள்ளேயே தர்பூசணி விதைகள் இருந்தன.

இனி நம் பக்கம். இந்தியாவுக்குள்ளேயே பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. தெலுங்கில் புச்சகாய, மராத்தியில் கலிங்கட், கன்னடத்தில் கல்லங்கடி. கடைசிச் சொல்லைத் தமிழ்க் காதால் கேட்டால் கல் விற்கும் கடை என்று தோன்றும். மலையாளத்தில் தண்ணிமத்தன், மத்தன் என்றால் அவர்களுக்குப் பூசணி. ஆக, பூசணியைக் கூப்பிட்டது நாம் மட்டும் அல்ல.

யாழ்ப்பாணத்தில் தர்பூசணி என்று கேட்டால் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று கண்டுகொள்வார்கள். அங்கே அது வத்தகப்பழம். மலபார்க் கரையிலும் வத்தக்க என்கிறார்கள். அரபியில் இந்தப் பழம் பத்தீக். போர்த்துக்கீசியர் அதைப் பதேக்கா ஆக்கினார்கள், பிரெஞ்சுக்காரர் பஸ்தேக் ஆக்கினார்கள். மலபாரும் யாழ்ப்பாணமும் அரபு வணிகரும் போர்த்துக்கீசியரும் இறங்கிய கரைகள் என்பதால், வத்தக்கவும் அந்தக் கடல்வழிச் சொல் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே தீவில் சிங்களத்தில் ‘வட்டக்கா’ என்றால் பூசணி! தர்பூசணிக்கு அவர்கள் சொல்வது ‘கொமடு’. கொழும்புச் சந்தையில் தமிழரும் சிங்களவரும் ஏறக்குறைய ஒரே சொல்லைச் சொல்லி, ஒருவர் பழத்தையும் மற்றவர் குழம்புக் காயையும் வாங்கிப் போகலாம். பூசணிக் குடும்பத்துப் பெயர்க் குழப்பம் உலகத்துக்கே பொது என்று 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அலுத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

சிங்களத்துக் கொமடு என்றதும் தமிழில் ஒரு சொல் நினைவுக்கு வர வேண்டும். கொம்மட்டி. தும்மட்டி, குமட்டி என்றும் வழங்கும். கடையில் அடுக்கி வைக்கும் பெரிய பழம் வருவதற்கு முன்பே நம் மண்ணில் படர்ந்த கொடி இது. இதே இனத்தில் ஒரு கசப்புக் காய் உண்டு, பேய்க்கொம்மட்டி. பேதிக்குக் கொடுக்கிற மருந்து. கசப்பு வாய்க்கு வந்தால் குமட்டும் என்பதால், குமட்டி என்ற வடிவம் அதற்கே சொந்தமானது போல ஆகிவிட்டது. இங்கேயும் காது செய்த வேலைதான் என்று எனக்குச் சந்தேகம். இனிப்புப் பழத்தைத் தர்பூஸ் எடுத்துக்கொண்டது. கொம்மட்டிக்குக் கசப்பும் பேயும் மிஞ்சின.

ஆனாலும் ஓர் இடத்தில் கொம்மட்டி மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது. விவிலியத்தின் எண்ணாகமத்தில், பாலைவனத்தில் அலையும் இஸ்ரவேலர் எகிப்தில் தின்ற வெள்ளரியையும் பூண்டையும் நினைத்துப் புலம்புவார்கள். அந்தப் பட்டியலில் தமிழ் மொழிபெயர்ப்பில் கொம்மட்டிக்காயும் உண்டு. எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது ‘அவத்தியாக்’ என்பதன் பன்மை. அரபுப் பத்தீக்கின் உடன்பிறப்பு அது. வத்தகப்பழம் தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு மூலச் சொல்லின் ஒலி வீட்டிலேயே இருந்தது; வேதாகமத்தில் அவர் படித்தது கொம்மட்டிக்காய்.

வேற்றுமொழிச் சொல் என்பதால் தர்பூசணியைத் தள்ளிவிட்டுத் தண்ணீர்ப்பழம் என்று மட்டுமே எழுத வேண்டும் என்பாரும் உண்டு. தண்ணீர்ப்பழம் நல்ல சொல்தான். வீடுகளில் ‘தண்ணிப்பழம்’ என்பது இயல்பாகவே வருகிறது. ஆனால் தர்பூசணியில் பாதி நம் கைவேலை. பரங்கிக்காய் கதையைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் கொண்டுவந்த காய்; பெயரிலேயே பரங்கியர் இருக்கிறார்கள். பொங்கலன்று அதைக் குழம்பில் போடாத வீடு குறைவு. அதை யாரும் நாடு கடத்தச் சொல்வதில்லையே!

செடிநூலாரின் லத்தீன் பெயராவது ஒழுங்காக இருக்கிறதா? சிட்ருல்லஸ் லானாட்டஸ். லானாட்டஸ் என்றால் கம்பளி போர்த்தியது. இளங்கொடியின் ரோமத்தைச் சொல்கிறது. துன்பர்க் என்ற ஸ்வீடன் நாட்டவர் தென்னாப்பிரிக்காவில் எடுத்த ஒரு செடிக்கு 1794-ல் வைத்த பெயர் இது. உலர்த்தி ஒட்டிவைத்த அந்தச் செடியை மரபணு வைத்துப் பார்த்தபோது, அது நாம் தின்னும் பழமே அல்ல, வேறொரு வகை என்று தெரிந்தது. பெயர் பழகிவிட்டதால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சிட்ருல்லஸுக்கு இத்தாலியில் ஓர் உறவு உண்டு. அங்கே ‘சிட்ருல்லோ’ என்றால் மண்டு.

இந்த மண்டுச் சொல் போன தூரம் கொஞ்சமல்ல. 1914-ல் ஜப்பானில் தர்பூசணிச் சாற்றிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு 1930-ல் மிட்சுனோரி வாடா அதன் அமைப்பை உறுதிசெய்தார். பழத்தின் லத்தீன் பெயரை ஒட்டி அது சிட்ருலின் ஆயிற்று. நம் உடம்பில் யூரியா உருவாகும் பாதையில் அது ஒரு படி. நம் புரதங்களிலும் ஒரு மாற்றம் நடக்கும். அவற்றிலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறும். அப்படி மாறிய புரதங்களை எதிரியென்று நினைத்து உடம்பே தாக்கினால் முடக்குவாதம் வரலாம். கைவிரல் மூட்டு வீங்கி, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்று போகிறவருக்கு டாக்டர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று ‘ஆன்டி சிசிபி’. அந்த இரண்டாவது ‘சி’ தர்பூசணியின் பெயர்.