ஸ்டார்ட் மெனு நின்றுபோனால்: ஒரு ஃபோல்டரின் வரலாறு

ஸ்டார்ட் பட்டனை அழுத்துகிறோம், மெனு வரவில்லை. என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு 1996-ல் ஒரு பதில், 2016-ல் வேறு பதில், இன்றைக்கு இன்னொரு பதில். மென்பொருள் வரலாறு எழுதுகிறவர்கள் எந்த வருஷம் என்ன புதுசா வந்தது என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கெட்டுப்போனபோது அதை யார், எப்படிச் சரி செய்தார்கள் என்பது அநேகமா பதிவாவதில்லை. எனக்கு ஆர்வம் அந்த இரண்டாவது வரலாற்றில்தான்.

விண்டோஸ் 3.1-ல் ஸ்டார்ட் மெனுவே கிடையாது. புரோகிராம் மேனேஜர் என்ற ஜன்னல், அதற்குள்ளே குட்டி குட்டி ஜன்னல்கள், அதற்குள்ளே ஐகான்கள். ஒன்றின் மேல் இன்னொன்று விழுந்து மறைத்துக்கொள்ளும். புதியவர்கள் இதில் எப்படித் திண்டாடினார்கள் என்பதை மைக்ரோசாப்ட் குழு நேரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. அந்தக் குழுவின் கென்ட் சல்லிவன் 1996-ல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல ஆவணம். 560 பேரை வைத்து 64 கட்டமாகச் சோதித்ததாகச் சொல்கிறார். டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் மெனுவையும் வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான டேனி ஓரன் உளவியல் படித்தவர். பட்டனில் முதலில் இருந்த பெயர் 'சிஸ்டம்'. சோதனைக்கு வந்தவர்கள் அதைத் தொடவே இல்லை. 'ஸ்டார்ட்' என்று மாற்றினார்கள், கை தானாகப் போனது. 'நிறுத்துவதற்கு ஏன் ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும்?' என்ற பழைய கிண்டலுக்குக் காரணம் இதுதான் என்று மைக்ரோசாப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார்.

1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95-ன் உள்ளே எட்டிப் பார்த்தால், அந்த மெனுவில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஸ்டார்ட் மெனு' என்று ஒரு சாதாரண ஃபோல்டர். அதற்குள் 'புரோகிராம்ஸ்'. அதற்குள் ஷார்ட்கட் கோப்புகள். எக்ஸ்புளோரர் என்ற நிரல் அந்த ஃபோல்டரைப் படித்து மெனுவாக வரைந்து காட்டும், அவ்வளவுதான். ஒரு ஷார்ட்கட்டை அங்கே போட்டால் மெனுவில் வரும், எடுத்தால் போகும்.

அதனால் ரிப்பேரும் எளிமை. நான் இன்ஜினியரிங் படித்தபோது எங்கள் லேபில் ஒரு மெஷினில் யாரோ புரோகிராம்ஸ் ஃபோல்டரையே காலி செய்துவிட்டார்கள். லேப் அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து மெஷினிலிருந்து அந்த ஃபோல்டரை ஒரு ஃபிளாப்பியில் எடுத்துவந்து ஒட்டினார், மெனு திரும்பிவிட்டது. ஷார்ட்கட் ஒவ்வொன்றும் ஒரு கிலோபைட்டைக்கூடத் தொடாது, 1.44 எம்பி தாராளம். பக்கத்து மெஷின் இல்லாதவர்களுக்கு குரூப் கன்வெர்ட்டர் என்ற சின்ன நிரல் இருந்தது. 3.1-ன் பழைய குரூப்களை மெனுவாக மாற்றுவதற்காகச் செய்தது. ஆனால் அழிந்துபோன அடிப்படை மெனுவை மறுபடி உண்டாக்கவும் உதவியது.

மெனு உறைந்துபோனால் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தி எக்ஸ்புளோரரை முடிக்க வேண்டும். ஒரு வேடிக்கை, முடிக்கச் சொன்னதும் 'கம்ப்யூட்டரை நிறுத்தவா?' என்று ஒரு பெட்டி வரும். அதை கேன்சல் செய்துவிட்டுச் சில விநாடி காத்திருந்தால்தான் உண்மையான 'எண்ட் டாஸ்க்' வரும். பழகினவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும் வித்தை.

எக்ஸ்பி (2001) மெனுவை இரண்டு பத்தியாக்கியது. விஸ்டா தேடல் பெட்டி சேர்த்தது. அடியில் அதே ஃபோல்டர்தான். 2012-ல் விண்டோஸ் 8 பட்டனையே தூக்கிவிட்டு முழுத்திரை வைத்தது. அடுத்த வருஷமே 8.1-ல் பட்டன் திரும்பியது.

உண்மையான மாற்றம் 2015 ஜூலையில், விண்டோஸ் 10-ல். மெனு இப்போது தனியொரு செயலி. டைல்களின் விவரமெல்லாம் ஒரு டேட்டாபேஸில். அது சிதைந்தால் மெனு திறக்காது. 'ஸ்டார்ட் மெனு வேலை செய்யவில்லை, அடுத்த முறை நீங்கள் உள்நுழையும்போது சரிசெய்யப் பார்க்கிறோம்' என்ற பொருளில் ஒரு பெட்டி வரும், அதில் 'இப்போதே வெளியேறு' என்று ஒரே பட்டன். பயனருக்கு வேறு வழி காட்டாத பெட்டி. எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

ஆனால் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. பலர் கடைப்பிடித்த ஒரு வழி, தற்காலிகமாக இரண்டு அட்மின் கணக்கு உருவாக்குவது. இரண்டிலும் ஒருமுறை உள்நுழைந்து வெளியே வந்தால் ஒவ்வொன்றுக்கும் புதுசா ஒரு டேட்டாபேஸ் உண்டாகும். இரண்டாவது கணக்கில் உட்கார்ந்துகொண்டு, முதல் கணக்கின் டேட்டாபேஸை எடுத்து நம் கணக்கில் ஒட்ட வேண்டும். ஏன் இரண்டு? உள்ளே இருக்கும்போது அந்தக் கோப்பு பூட்டியிருக்கும், எடுக்க முடியாது. லேப் அண்ணன் ஃபிளாப்பியில் செய்த அதே வேலைதான் இது. அவருக்கு ஐந்து நிமிஷம் ஆனது. இதற்கு அட்மின் உரிமையும், எங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்ற ஞானமும் வேண்டும். பவர்ஷெல்லில் ஒரு நீளமான கட்டளை கொடுத்து எல்லாச் செயலிகளையும் மறுபதிவு செய்வது இன்னொரு வழி. 2016-ல் மைக்ரோசாப்டே மெனுவுக்கென்று ஒரு பழுதறியும் கருவியை வெளியிட்டது. ஒரு மெனுவுக்குத் தனி வைத்தியர்!

2019 மே மாதம் வந்த 1903 பதிப்பில் மெனுவைத் தனி புராசஸாகப் பிரித்தார்கள். அதன் பெயர் ஸ்டார்ட்மெனு எக்ஸ்பீரியன்ஸ்ஹோஸ்ட். ஆகவே இன்றைய பதில் கொஞ்சம் சுலபம். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, முதலில் விண்டோஸ் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நகரவில்லையென்றால் மேற்சொன்ன புராசஸைத் தேடி முடியுங்கள், அது தானே மறுபடி எழும். அப்படியும் வராவிட்டால் சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளைகள். கடைசியாக, புதுக் கணக்கு ஒன்று தொடங்கி அதில் மெனு வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் கோளாறு உங்கள் கணக்கில்தான்.

அதுவரை வேலை நிற்க வேண்டியதில்லை. விண்டோஸ் விசையோடு இ அழுத்தினால் எக்ஸ்புளோரர் ஜன்னல் திறக்கும். சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்று ஒரு ஃபோல்டர், மறைத்து வைத்திருப்பார்கள், 'மறைந்தவற்றைக் காட்டு' என்று கொடுக்க வேண்டும். அதற்குள் மைக்ரோசாப்ட், விண்டோஸ், ஸ்டார்ட் மெனு, புரோகிராம்ஸ் என்று இறங்கிப் போங்கள். வேர்ட், எக்செல், ஃபயர்ஃபாக்ஸ் என்று நீங்கள் நிறுவியவற்றில் பெரும்பாலானவை அங்கே ஷார்ட்கட்டாக இருக்கும், டபுள் கிளிக் செய்தால் திறக்கும். இடம் மாறியிருக்கிறது, ஆனால் 1995-ன் அதே ஃபோல்டர்தான்.