வெண்மணி காட்டும் வழி

மாட்டுப்பட்டி, மூணாறு மலைகளில் வாழும் நம்மவர்க்குக் கங்காணி என்னும் சொல் புதிதன்று. முன்பணம் கொடுத்து நம் முன்னோரைப் பாண்டிச் சீமை ஊர்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்து வந்தவர் அவர். கடன் தீருமுன் எவரும் மலையிறங்காதபடி காவல் இருந்தவரும், பிரம்பெடுத்தவரும் அவரே. ஆயினும் அவரும் பெரும்பாலும் நம் ஊர்ப்பக்கத்தவர். தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் தந்த தரகில் பிழைத்தவர். துரையின்முன் கைகட்டி நின்றவர். இத்தகையோரை வரலாறு எந்தக் கண்கொண்டு நோக்க வேண்டும்? இவ்வினாவுக்குத் தஞ்சைத் தரணியில் நிகழ்ந்த ஒரு வரலாறு விடை தருகிறது.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளுமே. கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அவர்களுள் முதன்மையானவர் 1980இல் கொலையுண்டார். பழி தீர்ந்தது எனச் சிலர் எண்ணியிருக்கலாம்; உழுதவர் கைக்கு ஒரு குழி நிலமும் அதனால் வந்துவிடவில்லை.

அக்கொடுமைக்குப் பின் அப்பகுதிக்குச் சென்று தங்கித் தொண்டாற்றியவர்கள் சர்வோதயத் தலைவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும். அவர் செல்வக் குடும்பத்தில் தோன்றியவர். அம்மையார் ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றியவர். வினோபாவின் பூதான இயக்கத்தில் உழைத்த இருவரும் சத்தியாகிரகம் செய்து சிறையும் புகுந்தனர். ஆனால் நிலவுடைமையாளரைப் பகைவராகக் கருதவில்லை. 1981இல் உழுவோர்க்கு நிலம் பெற்றுத் தர லாஃப்டி என்னும் அமைப்பைத் தொடங்கினர். உடையவரிடம் பேசி, இசைந்த விலைக்கு நிலத்தைப் பெற்று, வங்கிக் கடனுக்கு வழிசெய்து, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்னும் அளவில் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்வித்தனர். இவ்வாறு சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008இல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார்.

இதன் நுட்பத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பண்ணையாள் கூலிக்குக் கையேந்தும் நிலையினின்று மீண்டார். நிலத்தை விற்றவரோ, ஆளை அடக்கியே உடைமையைக் காக்கவேண்டும் என்னும் அச்சத்தினின்று மீண்டார் எனலாம். நீதி கிட்டாதவரிடம் மன்னிப்பை மட்டும் வேண்டுவது மற்றுமொரு கொடுமையாகும். அவர்க்கு உரியதை முதற்கண் அவர் கையில் சேர்ப்பித்து, அதன்பின் மற்றவரையும் மனிதராக ஏற்பதே முறை.

நம் இல்லங்களில் தோட்டத்துப் பழங்கதை பேசும்போதும் இம்முறையே பொருந்தும். அடிபட்டவரின் துயரை மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்வோம். கங்காணியின் பேரப்பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில்தான் படிக்கின்றனர். பாட்டனின் பிரம்புக்கு அவர்களைப் பொறுப்பாக்காதிருப்போம்.