திருகோணமலையில் தங்கிய நீர்மூழ்கி

மீன் பாடும் தேனாடு என்று புகழப்படும் நம் மட்டக்களப்பு நாட்டுக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் உள்ள தொடர்பு யாதென்று வினவினால், சிறியோரும் பெரியோரும் ஒரே விடையையே கூறுவர். அதுதான் ஹேர்மிஸ் கப்பல். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே தினத்தில், அத்துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்திருந்த அவ்விமானந்தாங்கிக் கப்பல் நம் கரைக்கு அப்பால் குண்டுகளுக்கு இரையாகி மூழ்கியது. அதனோடு 307 பேர் மாண்டனர். இன்றும் அது கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தொலைவில், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலே கிடக்கின்றது. காத்தான்குடி முதல் கல்லடி வரை அதன் பெயரை அறியாத மீனவர் இரார்.

ஆனால் அழிந்த கப்பலை நினைவிற் கொண்ட நாம், அந்த அழிவுக்குப் பின் நம் கீழ்க்கரையிலிருந்து புறப்பட்டுப் போரை எதிரியின் வாயிலுக்கே கொண்டுசென்ற கப்பல்களை முற்றாக மறந்துவிட்டோம். நான் கற்ற மிஷன் பாடசாலையின் சரித்திர வகுப்பிலே திரபல்கார் கடற்போரை நாள், நாழிகையோடு மனனஞ் செய்தோம். வடக்கே ஒரு பகற் பயணத்தில் உள்ள திருகோணமலையில் நடந்ததைப் பற்றி ஒரு வரியும் படித்தோமில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்கவே, அங்கே தங்கிய நீர்மூழ்கி ஒன்றின் வரலாற்றை இங்கு எழுதத் துணிந்தேன். அதன் பெயர் 'டாலி ஹோ'. நரி வேட்டையாடும் ஆங்கிலேயர், நரியைக் கண்டவுடன் எழுப்பும் கூவல் அது.

கப்பலின் பிறப்பும் அமைப்பும்

டாலி ஹோ, வட இங்கிலாந்தின் பரோ நகரத்து விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ரோங் தளத்திலே கட்டப்பட்டு, 1942 டிசெம்பரில் நீரில் இறக்கப்பட்டது. 1943 ஏப்ரிலிற் சேவையிற் சேர்ந்தது. பிரித்தானியர் கட்டிய 53 'டி' வகுப்பு நீர்மூழ்கிகளுள் இஃதொன்று. நீளம் ஏறத்தாழ 84 மீற்றர். நீர்மேல் மிதக்கும்போது எடை 1,290 தொன். ஏறத்தாழ அறுபது பேர் அதன் வயிற்றுள் வாழ்ந்தனர்.

நீர்மூழ்கி என்றால் எந்நேரமும் நீருக்குள்ளேயே ஓடும் என்று நம்மிற் பலர் எண்ணுவர். அக்காலத்து நீர்மூழ்கி அத்தகையதன்று. நீருக்கு மேலே டீசல் இயந்திரம் அதனை இயக்கும். டீசலுக்குக் காற்று வேண்டும். ஆகவே நீருக்குள் இறங்கினால் மின்கலங்களின் வலுவே துணை. மின்கலங்கள் தீர்ந்ததும் மீண்டும் மேலெழுந்து அவற்றை நிரப்பியே ஆகவேண்டும். எனவே பகலெல்லாம் மூழ்கிக் கிடப்பதும், இரவில் எழுந்து மூச்சு வாங்கி மின்னேற்றுவதுமாக அதன் வாழ்வு கழிந்தது. நம் வெப்பக் கடலில், அடைத்த இரும்புக் கூட்டுக்குள், வியர்வையும் எண்ணெய் நாற்றமும் சூழ வாரக்கணக்கில் வாழ்ந்த அம்மாலுமிகளின் பாடு சொல்லுந்தரமன்று.

கிழக்கே நோக்கிய வாயில்

ஹேர்மிஸ் மூழ்கிய பின் பிரித்தானியரின் கீழைக் கடற்படையின் பெருங்கப்பல்கள் ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள கிளிந்தினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கின. சிங்கப்பூரும் பினாங்கும் இரங்கூனும் யப்பானியர் கையில். அந்நிலையில் எதிரியின் கடற்பாதையை எட்டக்கூடிய கருவி நீர்மூழ்கி ஒன்றே. கோணேசர் கோயில் கொண்ட மலையடியிலே, எத்திசைப் புயலும் அணுகாத அந்த இயற்கைத் துறைமுகத்தில், 'அடமன்ற்' என்னும் தாய்க்கப்பலைச் சுற்றி நான்காம் நீர்மூழ்கிப் பிரிவு தங்கியது. டாலி ஹோ அதிற் சேர்ந்தது. அங்கிருந்து மலாக்கா நீரிணைக்கு 2,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம், நாலைந்து நாட் பயணம்.

அந்நீரிணையின் முக்கியத்துவத்தை நாம் உணர வேண்டும். பர்மாவிலிருந்த யப்பானியப் படைக்கு உணவும் வெடிமருந்தும் சிங்கப்பூரிலிருந்து அவ்வழியாகவே கப்பலிற் செல்லவேண்டியிருந்தது. கடல்வழி ஆபத்தானதென்று கண்டே, யப்பானியர் 1942ஆம் ஆண்டின் நடுவில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் நீளமான இரயிற்பாதை அமைக்கத் தொடங்கினர். 1943 ஒக்டோபரில் அது முடிந்தது. அதற்கு வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமா பலியாயினர்? மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் வாந்திபேதியாலும் பசியாலும் அக்காட்டிலே மடிந்தனர். கடலுக்கடியில் நடந்த போரும் காட்டுக்குள் நடந்த கொடுமையும் ஒரே கயிற்றின் இரு நுனிகள்.

மூன்று போர்ச் செய்கைகள்

டாலி ஹோவின் தலைவர் பெனிங்ரன் என்பவர். முன்னரே 'போர்ப்பொயிஸ்' என்னும் நீர்மூழ்கியை நடத்திய அனுபவசாலி. 1944 சனவரி 11ஆம் நாள், பினாங்குக்கு வடமேற்கே, 'குமா' என்னும் யப்பானிய இலகு யுத்தக்கப்பல் ஒரு நாசகாரிக் கப்பலோடு பயிற்சியில் ஈடுபட்டிருந்தது. 5,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல் அது. பெனிங்ரன் ஏறத்தாழ 1,900 யார் தூரத்தினின்று ஏழு டோர்ப்பிடோக்களை, அதாவது நீருக்குள் ஓடி வெடிக்கும் குண்டுகளை, விடுத்தார். இரண்டு பட்டன. குமா பின்புறமாக மூழ்கியது. 138 பேர் அதனோடு மாண்டனர்.

ஒரு மாதம் கழித்து, பெப்ருவரி நடுப்பகுதியில், அதே நீரிணையில் இரண்டாவது வெற்றி. இம்முறை இரை மற்றொரு நீர்மூழ்கி. அதன் கதை விசித்திரமானது. இத்தாலியர் கட்டிய 'றெஜினால்டோ ஜூலியானி' என்னும் அக்கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது, 1943 செப்டெம்பரில் இத்தாலி சரணடைந்தது. உடனே யப்பானியர் அதனைக் கைப்பற்றி ஜெர்மானியரிடம் ஒப்படைக்க, அவர்கள் அதற்கு வேறு பெயரிட்டனர். அது சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குச் செல்லும் வழியில் டாலி ஹோ அதனை வீழ்த்தியது. 26 பேர் இறந்தனர். இத்தாலியில் பிறந்து, ஜெர்மன் கொடியின்கீழ், யப்பானியர் காத்த கடலில், இலங்கையிலிருந்து வந்த ஆங்கிலக் கப்பலால் அழிந்த அதன் கதியே, அப்போர் எவ்வளவு அகன்றதென்பதைக் காட்டும்.

மூன்றாவது நிகழ்ச்சி வெற்றியன்று, தப்பிப்பிழைத்தல். பெப்ருவரி 24ஆம் நாள் இரவு, மின்னேற்றுவதற்காக நீர்மேல் வந்து ஓடிய டாலி ஹோவை 'கரி' என்னும் யப்பானியப் படகு கண்டு மோத விரைந்தது. கரி என்பது யப்பானிய மொழியில் காட்டு வாத்தைக் குறிக்கும். டாலி ஹோ திரும்பியதால் நேர்மோதல் தவறியது. ஆயினும் இரண்டும் பக்கத்தோடு பக்கம் உரசிக் கடந்தபோது, படகின் சுழலும் விசிறித் தகடுகள் நீர்மூழ்கியின் இடப்புறத் தொட்டிகளை வரிசையாகக் கிழித்துச் சென்றன.

கப்பல் ஏன் மூழ்கவில்லை? அதன் உடல் இரு பகுதியானது. மனிதர் வாழும் கெட்டியான உட்கூடு ஒன்று. அதன் இருபுறமும் குதிரைமேற் பொதிபோல அமைந்த மெல்லிய தொட்டிகள் மற்றொன்று. அத்தொட்டிகளில் நீரை விட்டால் கப்பல் அமிழும். காற்றால் நீரை வெளியேற்றினால் எழும். தகடுகள் கிழித்தவை தொட்டிகளை மாத்திரமே. உட்கூடு தப்பியது. ஆனால் இடப்புறத் தொட்டிகளிற் காற்று நில்லாமையால் கப்பல் ஒருபுறஞ் சாய்ந்தது. அவ்வாறு சாய்ந்தபடியே அது வங்கக் கடலைக் கடந்து திருகோணமலை வந்து சேர்ந்தது. அதன் கிழிந்த விலாவின் நிழற்படம் இன்றும் நூல்களில் உண்டு.

எல்லாரும் இவ்வாறு திரும்பினாரல்லர். அதே காலத்தில் திருகோணமலையினின்று புறப்பட்ட 'ஸ்ரோன்ஹெஞ்ச்' என்னும் நீர்மூழ்கி திரும்பி வரவேயில்லை. எங்கே, எவ்வாறு அழிந்ததென்று ஒருவரும் கண்டாரில்லை. 1944 நவெம்பரில் 'ஸ்ராற்றஜம்' மலாக்கா நீரிணையில் அழிந்தது.

வெற்றியின் மறுபக்கம்

இவ்விடத்திலே ஒரு கேள்வியை நாம் ஒதுக்கிவிடலாகாது. இந்நீர்மூழ்கிகள் வீழ்த்தியவை யுத்தக்கப்பல்கள் மாத்திரமா? பெருங்கப்பல்கள் அருகியபின், அரிசியும் உப்பும் ஏற்றிய சிறு பாய்க்கப்பல்களையும் கரையோரப் படகுகளையும் அவை தேடி அழித்தன. யப்பானியருக்குப் பொருள் சுமந்த அப்படகுகளை ஓட்டியவர் பெரும்பாலும் மலாய், சீன ஏழை மாலுமிகள். பல வேளைகளில் ஓட்டிகளை இறங்கச் சொல்லிய பின்னரே படகை அழித்தனரென்பது உண்மை. எனினும் தோணியை இழந்தவனுக்கு வயிற்றுப் பிழைப்பு ஏது? வாவியிலும் கடலிலும் தோணியே வாழ்வென்று அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இதனினும் கொடியது ஒன்று நிகழ்ந்தது. 1944 செப்டெம்பர் 18ஆம் நாள், இலங்கைத் தளத்தைச் சேர்ந்த 'றேட்வின்ட்' என்னும் நீர்மூழ்கி, சுமாத்திராவின் மேற்குக் கரைக்கப்பால் 'ஜுன்யோ மாறு' என்ற கப்பலைத் தாக்கியது. அதனுள்ளே யப்பானியர் அடைத்து வைத்திருந்தவர், இரயிற்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஜாவாத் தொழிலாளரும் நேசநாட்டுப் போர்க்கைதிகளும் என்பதை நீர்மூழ்கியிலிருந்தவர் அறியார். 5,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். மூழ்கிக்கிடப்பவன் குழாய்வழியே காண்பது கப்பலின் உருவத்தை மாத்திரமே. அதன் வயிற்றுள் இருப்பவனைக் காண்பதில்லை. இதுவே நீர்மூழ்கிப் போரின் கொடுமை.

இரு தரப்பாரும் இக்கருவியால் மனிதரைக் கரை சேர்த்ததும் உண்டு. மலாயாக் காடுகளில் யப்பானியரை எதிர்த்த இரகசியப் படையினரை இலங்கையினின்று சென்ற நீர்மூழ்கிகள் இறக்கின. மறுபுறம், இந்திய விடுதலைக்காகப் பினாங்கிற் பயிற்சி பெற்ற இளைஞர் சிலரை 1942 செப்டெம்பரில் யப்பானிய நீர்மூழ்கி மலையாளக் கரையில் இறக்கியது. அவர்களுள் ஒருவரான வக்கம் அப்துல் காதர், 1943 செப்டெம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். வயது இருபத்தாறு. ஒரே கடல், ஒரே கருவி. ஒருவனுக்கு விடுதலை வீரன் மற்றவனுக்கு ஒற்றன்.

ஓய்வும் முடிவும்

போரில் தப்பிய டாலி ஹோ, பின்னும் இருபதாண்டளவு பிரித்தானியக் கடற்படைக்கு உரியதாயிருந்தது. ஆனால் காலம் மாறியது. 'டி' வகுப்பிற் சிலவற்றை வெட்டி நீட்டி, கூடுதல் மின்கலங்கள் பொருத்தி, நீருக்குள் விரைந்தோடச் செய்தனர். அவ்வாறு புதுப்பிக்கப்பட்ட எட்டனுள் டாலி ஹோ இடம்பெறவில்லை. 1963இல் பிரித்தானியரின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி 'டிரெட்நோட்' சேவையிற் புகுந்தது. மூச்சு வாங்க மேலே வரவேண்டாத அக்கப்பலின்முன் பழையது என் செய்யும்? 1967 பெப்ருவரியில் டாலி ஹோ தென் வேல்ஸின் பிரிட்டன் பெரி என்னும் இடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு, பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. பூமாலையுமில்லை, நினைவுத் தூணுமில்லை. புதுப்பிக்கப்பட்டவற்றுள் ஒன்றான 'டோட்டம்' இஸ்ரேலுக்கு விற்கப்பட்டு, 1968 சனவரியில் 69 பேரோடு மத்தியதரைக் கடலில் அமிழ்ந்ததை எண்ணும்போது, ஒருவர் உயிரையும் வாங்காமல் உடைபட்டதே நற்பேறென்று தோன்றுகின்றது.

திருகோணமலைத் தளத்தையும் பிரித்தானியர் 1957 ஒக்டோபரில் நம் நாட்டிடம் ஒப்படைத்துச் சென்றனர். நமது துறைமுகத்தின் ஆழத்தையும் அழகையும் பிறர் தம் தேவைக்குப் பயன்படுத்தினர். தம் வெற்றிகளைத் தாமே எழுதி வைத்தனர். துறைமுகத்தின் பிள்ளைகளாகிய நாமோ, நம் கரையிலிருந்து எழுந்த நன்மையையும் தீமையையும் எழுதாது விட்டோம்.

பெரியோர்களே, 1942ஆம் ஆண்டின் குண்டோசையைத் தம் செவியாற் கேட்டவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. இளைஞர்களே, அவர்கள் இருக்கும்போதே அருகமர்ந்து கேளுங்கள். கரைக்கு நீந்தி வந்தவர்களுக்கு யார் நீர் கொடுத்தார், திருகோணமலைத் தளத்துக்கு வேலைக்குச் சென்றவர் யார், மலாயாவுக்குச் சென்று திரும்பாத உறவினர் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கப்பல்களின் வரலாற்றைக் கடற்படைகள் காத்துக்கொள்ளும். கரையிலிருந்த மனிதரின் வரலாற்றை நாம் காவாவிடின் வேறு யார் காப்பார்?