மோதகம் விற்ற தெரு

கொழுக்கட்டை பிள்ளையாருக்கு முந்தியது என்று சொன்னால் நேயர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளையார் அநாதியானவர், அவருக்கு முந்தியது எதுவுமே கிடையாது என்பது பக்தர்கள் கட்சி. அந்தக் கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. நான் பேசுவது ஏட்டுக் கணக்கு. தமிழ் ஏடுகளில் முதலில் வந்து உட்கார்ந்தது மோதகம். அதைக் கையில் ஏந்திய ஆனைமுகத்தார் பல நூற்றாண்டு கழித்துத்தான் வந்து சேருகிறார்.

பத்துப்பாட்டில் மதுரைக் காஞ்சி என்று ஒரு பாட்டு. பத்திலும் நீளமானது, 782 அடி. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனுக்கு உலகத்தின் நிலையாமையை எடுத்துச் சொல்ல வந்த மாங்குடி மருதனார், சொல்ல வந்ததோடு நில்லாமல் மதுரை நகரையே பகலும் இரவுமாகச் சுற்றிக் காட்டிவிடுகிறார். நள்ளிரவு நெருங்குகிறது. பெரிய கடைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள். தெருவிலே அப்ப வாணிகர் மட்டும் தங்கள் பண்டங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தேனடையைப் போன்ற மெல்லிய அடை இருக்கிறது. உள்ளே இனிப்பு வைத்துப் பிடித்த மோதகம் இருக்கிறது. வாங்குவார் இல்லை. வாணிகர் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள்.

இந்த இடத்தில் புலவர் "கவவு" என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார். மோதகத்தின் உள்ளே வைக்கும் பூரணத்துக்கு அதுதான் பெயர். உள்ளே இட்டுக் கொள்ளுதல் என்று அந்தச் சொல்லுக்குத் தொல்காப்பியம் பொருள் சொல்கிறது. சங்கப் பாட்டுக்களில் காதலர் தழுவுவதற்கும் இதே சொல்தான். பதினான்காம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த நச்சினார்க்கினியர், பருப்பும் தேங்காயும் சர்க்கரையும் உள்ளே வைத்துப் பிடித்த பண்டம் என்று உரை எழுதுகிறார். தம் வீட்டுக் கொழுக்கட்டையை நினைத்துக்கொண்டு எழுதினாரோ என்னவோ! பத்துப்பாட்டை இந்த உரையோடு உ. வே. சாமிநாதையர் 1889-ல் அச்சிட்டுக் கொடுத்திராவிட்டால், இந்தத் தூங்கும் வியாபாரியை நாம் பார்த்தே இருக்க மாட்டோம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் காட்சியில் கோயில் இல்லை, நைவேத்தியம் இல்லை, சதுர்த்தியும் இல்லை. மோதகம் தமிழில் முதல் தரிசனம் கொடுப்பது கடைத்தெருவில். காசு கொடுத்து வாங்கித் தின்னும் பண்டமாக. சங்கப் பாட்டுக்களில் முருகன் உண்டு, திருமால் உண்டு, கொற்றவையும் உண்டு. ஆனைமுகனைத்தான் காணவில்லை. 642-ல் வாதாபி விழுந்தபோது பரஞ்சோதி அங்கிருந்து கணபதியைக் கொண்டுவந்தார் என்பது கர்ண பரம்பரை. அந்த ஏழாம் நூற்றாண்டிலேயே ஞானசம்பந்தர் வலிவலத்துப் பதிகத்தில் கணபதியின் பிறப்பைப் பாடிவிட்டார். அதற்குப் பிறகு அரசமரத்தடி தோறும் அவர் ராஜ்யந்தான்.

தெருவிலிருந்த மோதகத்தைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றவர் அவர். சிதம்பரத்தில் தெற்குக் கோபுரத்தின் அருகே முக்குறுணிப் பிள்ளையார் வீற்றிருக்கிறார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் அதே பெயரில் ஒருவர் இருக்கிறார். அங்கே முக்குறுணி என்றால் 18 படி அரிசி; விநாயக சதுர்த்தியன்று அவ்வளவு அரிசியையும் ஒரே கொழுக்கட்டையாகச் செய்து படைக்கிறார்கள். வீட்டில் இருபத்தோரு கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வதற்குள் இடுப்பு ஒடிந்துபோகிறது என்று சொல்லும் தாய்மார்கள், அந்தப் பதினெட்டுப் படியை ஒரு விநாடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூரில் இன்னொரு பிள்ளையார் இருக்கிறார். உளி படாதவர், அதனால் பொள்ளாப் பிள்ளையார் என்று பெயர். ஊருக்குப் போன தகப்பனாருக்குப் பதிலாகப் பூஜைக்கு வந்த சிறுவன் நம்பி, நைவேத்தியத்தை முன்னே வைத்து, "சாப்பிடு" என்றான். பிள்ளையார் சாப்பிடவில்லை. பையன் கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போனான். பிள்ளையார் பதறிப்போய் அத்தனையையும் சாப்பிட்டுவிட்டார். அந்தச் சிறுவன்தான் நம்பியாண்டார் நம்பி. அவன் துணையோடுதான் சோழ அரசன் தில்லைக் கோயில் அறையைத் திறந்து, கறையான் தின்றது போக மிஞ்சிய தேவார ஏடுகளை மீட்டான் என்று புராணம் சொல்கிறது. ஒரு சிற்றுண்டித் தட்டிலிருந்து தேவாரம் வரையில் வந்து நிற்கிறது கதை!

கோயிலிலிருந்து பண்டம் வீட்டுக்குள் புகுந்தது. அங்கே அது முழுக்கப் பெண்களின் ஆட்சிக்கு உட்பட்டது. தென் மாவட்டங்களில் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. ஆடி, தை, மாசிச் செவ்வாய்க்கிழமைகளில் இரவு வெகுநேரம் கழித்துப் பெண்கள் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை செய்து படைத்து, விடிவதற்குள் தாங்களே தின்று முடித்துவிடுவார்கள். ஆண்கள் பார்க்கவும் கூடாது. தொட்டிலில் கிடக்கும் ஆண் பிள்ளைக்குக்கூட அனுமதி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆடிப் பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்தால் தலையில் கொழுக்கட்டை கொட்டுவார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமையைக் கொழுக்கட்டைச் சனி என்றே அழைக்கிறார்கள். நம் கடற்கரை முஸ்லிம் வீடுகளில் அரிசி மாவுருண்டையை ஆட்டுக்கறிச் சாற்றில் வேகவிட்டுத் தக்கடி என்று பரிமாறுகிறார்கள். பறங்கிப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் அதைச் சாப்பிட்ட பிறகு, கொழுக்கட்டை எந்த மதத்தைச் சேர்ந்தது என்ற கேள்வியை நான் கேட்பதில்லை.

எந்த நாட்டைச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள். என் நண்பர்களிலேயே இருவர். ஒருவர் தமிழ்ப் பண்டிதர். உலகத்தில் உள்ள பூரணம் வைத்த பண்டமெல்லாம் மதுரையிலிருந்து கப்பலேறியவை என்பது அவர் சித்தாந்தம். மற்றவர் முப்பது வருஷம் கப்பலில் என்ஜினீயராக இருந்தவர். எல்லாம் சீனத்திலிருந்து வந்தது என்பது அவர் தீர்மானம். வழக்கைத் தீர்ப்பதற்காக ஒரு மார்கழி மாதத்தில் இருவரையும் அழைத்துக்கொண்டு, கடலூரிலிருந்து சிதம்பரம் வரையில் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை. கோதுமை மாவை அப்பளம்போல் மெல்லிசாகத் தேய்த்து, கோழிக்கறியும் வெங்காயத் தாளும் வைத்து, பிறைபோல் மடித்து அவித்திருந்தார்கள். என்ஜினீயர் தட்டைச் சுட்டிக் காட்டி, "பாருங்கள் பண்டிதரே, இந்த மடிப்பு உங்கள் சொப்பில் வருமா?" என்றார். பண்டிதர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "மடிப்பு இருக்கிறது, மணம் இல்லையே, ஐயா" என்றார்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோதுமை மாவைப் பிசைந்தால் ரப்பர்போல் இழுபடும். பச்சையாகவே மெல்லிசாக்கி மடிப்பு மடிப்பாகக் கொசுவிவிடலாம். அரிசி மாவுக்கு அந்தப் பசை கிடையாது. ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்த மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிளறி, முதலில் பாதி வேக வைத்தால்தான் சொப்பு விரியாமல் நிற்கும். வட சீனத்தில் விளைந்தது கோதுமை; காவிரிக் கரையில் விளைந்தது நெல். கைப்பக்குவம் இரண்டானதற்குக் காரணம் மண்தான்.

சீனர்களின் பண்டமும் பழமையானதே. துர்ப்பான் பாலைவனத்து அஸ்தானா சமாதிகளில், தாங் வம்சத்துக் காலத்தில் புதைத்த பிறை வடிவப் பண்டங்கள் காய்ந்து இறுகி அப்படியே அகப்பட்டிருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கொழுக்கட்டை! ஜூகே லியாங் என்ற மந்திரியைப் பற்றி அவர்களிடம் ஒரு கதை வழங்குகிறது. மூன்றாம் நூற்றாண்டில் தெற்கே படையெடுத்துப் போனவர், திரும்பி வருகையில் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. ஆற்றுத் தெய்வத்துக்கு 49 மனிதத் தலைகளைப் பலியிட வேண்டும் என்றார்கள். அவர் மாவைத் தலைபோல் உருட்டி, உள்ளே இறைச்சி வைத்து ஆற்றில் போடச் சொன்னார். மன்தோ என்ற பண்டம் அப்படிப் பிறந்ததாம். கதை மெய்யோ பொய்யோ, 49 தலைகளைக் காப்பாற்றிய பெருமை வேறு எந்தப் பலகாரத்துக்கும் கிடையாது. கொரியாவின் மன்டு, துருக்கியின் மன்டி எல்லாம் அந்தப் பெயரின் உறவினர்கள் என்று சொல்கிறார்கள்.

பண்டிதர் முகம் வாடியதைப் பார்த்து என்ஜினீயரே இரக்கப்பட்டு ஒரு செய்தி சொன்னார். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 1617 முதல் நடந்துவரும் ஒரு மிட்டாய்க் கடையில் கன்கிதான் என்ற பண்டம் விற்கிறார்கள். பணமுடிப்புப்போல் கட்டிய மாவு, உள்ளே வாசனைத் திரவியங்கள் சேர்த்த இனிப்புப் பயற்றுப் பூரணம், நல்லெண்ணெயில் பொரித்தது. கன்கிதென் என்னும் தெய்வத்துக்கு அது நைவேத்தியம். அந்தத் தெய்வம் யார் என்று நினைக்கிறீர்கள்? சாக்ஷாத் நம் பிள்ளையார்தான். பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பான் போனவர். ஆனைமுகம் கொண்ட இரு உருவங்கள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் கோலம் அவருக்கு அங்கே உண்டு. "கன்கி" என்றால் ஆனந்தம். வடமொழியில் மோதகமும் ஆனந்தம் தருவது என்ற பொருளுடையதே. அரிசி கோதுமையாயிற்று, தேங்காய் மறைந்தது, அவித்தது பொரித்ததாயிற்று. பெயரின் அர்த்தம் மட்டும் அத்தனை கடலையும் கடந்து கெடாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

கொண்டுபோனது யார்? காஞ்சியோடு தொடர்பு கொண்ட வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவி 720-ஐ ஒட்டிச் சீனம் சேர்ந்து மந்திர பௌத்தத்தைப் பரப்பினார். அந்தப் பரம்பரை அடுத்த நூற்றாண்டில் ஜப்பானுக்குப் போயிற்று. அவர் மூட்டையில் மோதகம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. வழி இருந்தது என்றுதான் சொல்கிறேன். வழி ஒருபுறமாக மட்டும் இருக்கவில்லை. 1077-ல் சோழன் அனுப்பிய தூதர் 72 பேர் சீன அரசவைக்குப் போனார்கள். காம்போஜ அரசன் காட்சிப் பொருளாகக் கொடுத்த ஒரு கல்லைக் குலோத்துங்கன் தில்லைக் கோயிலில் பதித்துவைத்ததை 1114-ஆம் ஆண்டுச் சாசனம் சொல்கிறது. கல்லே வந்த கடலில் கைப்பக்குவம் வராதா? ஆவியில் வேகவைப்பதும் மாவைப் புளிக்க வைப்பதும் இந்தோனேசியாவிலிருந்து வந்து நம் இட்டிலியை உருவாக்கியிருக்கலாம் என்று உணவு ஆராய்ச்சியாளர் கே. டி. ஆச்சயா கருதினார். மறுப்பவர்களும் உண்டு.

சிதம்பரத்தில் கீழவீதியில் ஒரு பாட்டி கூடையில் உப்புக் கொழுக்கட்டையும் கொத்சும் விற்றுக்கொண்டிருந்தாள். மூவரும் நின்றபடியே சாப்பிட்டோம். வழக்குச் சற்று ஆறிற்று. "இது எந்த ஊர்ப் பக்குவம், பாட்டி?" என்று கேட்டார் பண்டிதர். "எங்க மாமியார் பக்குவம்" என்றாள் பாட்டி. நான் படித்த எந்தச் சரித்திரத்திலும் இதைவிடத் தீர்க்கமான பதில் இல்லை. பண்டங்களை நாடுகள் செய்வதில்லை. யாரோ ஒருத்தியின் மாமியார்தான் செய்கிறாள். அவள் பெயரை எந்தக் கல்வெட்டும் பொறித்துவைக்கவில்லை.

மறுநாள் மாலை கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் திரும்பினோம். அங்கே இருந்த கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? பீரங்கியைச் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம் வரையில் எங்களுடையது என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது. பலகாரங்களுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்களும் கிட்டத்தட்ட இந்த முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். தங்கள் குரல் எட்டிய தூரம் வரையில் எல்லாம் தங்களுடையது!

கடற்கரையில் ஒரு தள்ளுவண்டியில் மோமோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அது திபெத்தும் நேபாளமும் நமக்குக் கொடுத்த பண்டம். 1959-ல் தலாய் லாமாவைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான திபெத்தியர் நாடிழந்து இந்தியாவுக்கு வந்தார்கள். வீடு, நிலம், மந்தை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களிடம் மிஞ்சியது கைப்பக்குவம். டில்லியிலும் டார்ஜிலிங்கிலும் அதை அவித்து விற்றுப் பிழைத்தார்கள். நேபாளத்தாரும் வடகிழக்கு மாநிலத்தாரும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இன்று கடலூர்ப் பையன்கள் காரச் சட்டினியில் தோய்த்துத் தின்கிறார்கள். இதென்ன புதுப் பழக்கம், கொழுக்கட்டையைத் தெருவில் நின்று தின்பதாவது என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் மதுரைக் காஞ்சியை ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும். பழக்கம் புதிதல்ல. தெருவில் தொடங்கிய பண்டம் கோயிலுக்கும் வீட்டுக்கும் போய்விட்டுத் தெருவுக்கே திரும்பியிருக்கிறது.

வண்டிக்காரன் இருபது வயதுப் பையன். அஸ்ஸாம் பக்கம். தமிழில் எண்கள் மட்டும் தெரியும். பண்டிதர் ஒரு தட்டு வாங்கினார். பிறகு இன்னொரு தட்டும் வாங்கினார். முட்டைக்கோஸ் பூரணத்தைச் சுவைத்துவிட்டு, "கவவு நன்றாயிருக்கிறது" என்று அவனுக்குச் சர்ட்டிபிகேட் கொடுத்தார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்தான். மதுரைத் தெருவில் தூங்கிய வியாபாரியின் பெயரை மாங்குடி மருதனார் கேட்டுவைக்கவில்லை. பண்டிதர் இவன் பெயரைக் கேட்டார். ஊரையும், தாயார் இருக்கிறாளா என்பதையும் என்ஜினீயரின் ஹிந்தியை வைத்துக்கொண்டு விசாரித்தார். மோமோ மடிக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தானாம்.