பத்தாம் அத்தியாயம் தெரியாத நான்காம் அத்தியாயம்

"சைக்காலஜி, எகனாமிக்ஸ் பக்கம் ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க" என்று கேட்பவர்களுக்குப் பல வருஷமாக நான் சொல்லிவந்த பதில், டேனியல் கானமன் 2011இல் வெளியிட்ட 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'. இப்பவும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் கூடவே ஒரு கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை 1969இல், ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. கானமன் தன் வகுப்பில் பேச அமோஸ் ட்வெர்ஸ்கியை அழைத்தார். அங்கே ஆரம்பித்த வாக்குவாதம்தான் இருவரும் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரையாக 1971இல் வந்தது. அதில் அவர்கள் சோதித்தது சாதாரண ஜனங்களை இல்லை, புள்ளியியல் தெரிந்த உளவியல் ஆய்வாளர்களை. கண்டுபிடித்தது இதுதான்: சின்ன சாம்பிளில் கிடைக்கும் முடிவும் உலகத்தை அப்படியே காட்டும் என்று அவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்குக் கிண்டலாக 'சின்ன எண்களின் விதி' என்று பெயர் வைத்தார்கள்.

2011 புத்தகத்தின் பத்தாம் அத்தியாயம் இதைப் பற்றித்தான். அதில் வரும் உதாரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் விகிதம் மிகக் குறைவாக உள்ள மாவட்டங்கள் பெரும்பாலும் ஜனத்தொகை குறைந்த கிராமப்புறங்கள். உடனே மனசு சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு என்று காரணம் தேட ஆரம்பித்துவிடும். ஆனால் விகிதம் மிக அதிகமாக உள்ள மாவட்டங்களும் அதே மாதிரி கிராமப்புறங்கள்தான்! காரணம் காற்றும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஜனங்கள் குறைவாக இருந்தால் ஒன்றிரண்டு பேர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் எகிறும், இறங்கும். அவ்வளவுதான்.

இனி அதே புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்துக்கு வருவோம். அங்கே பேசப்படுவது ப்ரைமிங். நமக்கே தெரியாமல் ஒரு சொல்லோ படமோ நம் நடத்தையை மாற்றிவிடும் என்ற கருத்து. பிரபலமான சோதனை ஜான் பார்க் குழுவினர் நியூயார்க்கில் செய்து 1996இல் வெளியிட்டது. கலைந்த சொற்களை வாக்கியமாக்கும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். ஒரு பாதி பேருக்குத் தந்த சொற்களில் முதுமையை நினைவூட்டுபவை கலந்திருந்தன. சோதனை முடிந்ததும் அவர்கள் வராந்தாவில் மற்றவர்களைவிட மெதுவாக நடந்தார்களாம். மொத்தம் 30 பேர், அதாவது ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 பேர். திரும்ப ஒருமுறை செய்தபோதும் அதே 30 பேர்தான்.

ஆபீஸில் பக்கத்துக்கு 15 பேரை வைத்து ஏ/பி டெஸ்ட் செய்துவிட்டு, "புது பட்டன் ஜெயிச்சிடுச்சு" என்று யாராவது வந்தால் டீமே சிரிக்கும். கானமனோ, இந்த முடிவுகளை நம்பாமல் இருக்க வாசகருக்கு வழியே இல்லை என்கிற அளவுக்கு உறுதியாக எழுதினார்.

2012 ஆரம்பத்தில் பிரஸ்ஸல்ஸில் ஸ்டெஃபான் டொயென் குழு இதை 120 பேரிடம் செய்து பார்த்தது. ஸ்டாப்வாட்சுக்குப் பதிலாக இன்ஃப்ராரெட் சென்சார் வைத்தார்கள். மெதுநடை தெரியவே இல்லை. இன்னொரு சோதனையில், இவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று சோதனை நடத்துபவர்களை முன்கூட்டியே நம்பவைத்தார்கள். அப்போது மெதுநடை வந்துவிட்டது. பிழை மாணவர்களிடம் இல்லை, பார்ப்பவர்களின் எதிர்பார்ப்பில் இருந்திருக்கலாம்.

அதே ஆண்டு கானமன் ப்ரைமிங் ஆய்வாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் துறை ரயில் விபத்தை நோக்கிப் போகிறது, ஒருவர் ஆய்வை இன்னொரு லேப் திரும்பச் செய்து பார்க்கும்படி ஒரு சங்கிலி அமையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2015இல், 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த பெரிய கூட்டு முயற்சியின் முடிவு வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாக வெற்றி. மறுசோதனையில் 36 சதவீதம்.

2017இல் உல்ரிச் ஷிம்மாக்கும் சகாக்களும் நேராக நான்காம் அத்தியாயத்தையே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு சின்ன சாம்பிள்கள் என்றால், விளைவு நிஜமாகவே இருந்தாலும் சில சோதனைகள் தோற்றே ஆக வேண்டும். இங்கேயோ எல்லாமே ஜெயித்திருந்தன. காசைச் சுண்டிக்கொண்டே இருக்கிறோம், ஒவ்வொரு தடவையும் தலையே விழுகிறது என்றால் என்ன நினைப்போம்? தோற்றவை மேஜை டிராயரிலேயே தங்கிவிட்டன என்பதுதான் ஷிம்மாக் தரப்பின் வாதம்.

அந்தப் பதிவின் கீழே கானமனே வந்து பதில் எழுதினார். பலவீனமான ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன், நானும் ட்வெர்ஸ்கியும் எழுதிய முதல் கட்டுரையே இந்தத் தவறைப் பற்றியதுதானே என்று ஒப்புக்கொண்டார். 2002இல் பொருளாதார நோபல் வாங்கியவர், 80 வயது தாண்டியவர், கமென்ட் பகுதியில் வந்து இப்படி எழுதுகிறார். தான் குறிப்பிட்ட ஆய்வுகள் மேல் இன்னும் பற்று விடவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அந்த வரிதான் அவருடைய எல்லாச் சோதனைகளையும்விட மனித மனசைப் பற்றி அதிகம் சொல்வதாகப் படுகிறது.

இதற்காகப் புத்தகத்தையே பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாமா? கூடாது. அவரும் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த ப்ராஸ்பெக்ட் தியரி இதே சோதனைக் காலத்தைத் தாண்டி நின்றது. லாபத்தைவிட நஷ்டம் நம்மை அதிகம் உறுத்துகிறது என்பது அதன் ஒரு பகுதி. 2020இல் வெளியான மறுசோதனையில் 19 நாடுகளில், 13 மொழிகளில், 4,098 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். விளைவுகள் சில இடங்களில் கொஞ்சம் மெலிந்திருந்தாலும், மொத்தப் போக்கு பழைய முடிவுகளோடு ஒத்துப்போனது.

கானமன் 2024 மார்ச்சில் காலமானார். புத்தகத்தைப் புதுசாக எடுப்பவர்களிடம் இப்போது நான் சொல்லும் வரிசை இது: முதலில் பத்தாம் அத்தியாயம். அப்புறம் ப்ராஸ்பெக்ட் தியரி வரும் 25, 26. அதெல்லாம் முடித்த பிறகு, கையில் ஒரு பென்சிலோடு நான்காம் அத்தியாயம். ஒவ்வொரு சோதனைக்குப் பக்கத்திலும் எத்தனை பேர் என்று தேடிப் பார்த்து எழுதிக்கொண்டே வாருங்கள்.