சப்பாணி கொட்டாத பிள்ளை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காஞ்சிபுரம் காந்தி சாலையை ஒட்டிய சந்தொன்றில், மாடியில் நடக்கும் சிறார் வகுப்பிற்கு நம் தங்கை மகனை அழைத்துச் சென்றிருந்தோம். வயது இரண்டரை. பாட்டு, கைதட்டல், களிமண், வண்ணம் என்று ஒரு மணி நேரத்திற்கு வகுத்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு குழந்தைகள் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியை ஒரு சிறிய பறையைத் தட்டினார். பதினொரு குழந்தைகள் கைதட்டினர். பன்னிரண்டாமவன் நம் மருமகன். மல்லாந்து விழுந்து, காலை உதைத்து, மாடி அதிர அலறினான். தூக்கினால் வில்லாக வளைந்தான், இறக்கினால் உருண்டான், பொம்மையைக் கொடுத்தால் வீசினான். பதினெட்டு ஆண்டுகளாக அறுபது மாணவரை அமர்த்தி வைத்த நம் குரல் அங்கே ஒரு காசுக்கும் பயன்படவில்லை.

அருகில் பேத்தியோடு அமர்ந்திருந்த மூதாட்டி, பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தவர், மெல்லச் சொன்னார்: "எங்க காலத்துல புள்ளைங்க இப்படியா சார் அடம் புடிச்சுது? ஒரு அதட்டு. அவ்வளவுதான்."

அவர் பழிக்கவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். ஆயினும் அது ஒரு வரலாற்றுக் கூற்று. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அடம்பிடிக்கவில்லை என்பது உண்மையா? தமிழ் படித்தவன் என்கிற முறையில் இதற்கு விடை தேடாமல் இருக்க நம்மால் முடியவில்லை.

முதற் சான்று நம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்துப் பாடிய மொழி தமிழ். இன்று நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியது ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ், பன்னிரண்டாம் நூற்றாண்டினது. ஒட்டக்கூத்தர் செங்குந்தர் மரபினர், அதாவது நெசவு மரபினர். காஞ்சித் தறிக்குடும்பங்கள் பலவும் அம்மரபினவே. ஆகவே அந்த மூதாட்டியின் மறுப்புக்கு அவர் முன்னோர் ஒருவரிடமே சான்று கேட்கலாம் என்று வேடிக்கையாக எண்ணிக்கொண்டோம்.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சப்பாணி. கைகொட்டச் சொல்லிக் குழந்தையை வேண்டுவது. அந்த மாடியில் பறையைத் தட்டிக்கொண்டு ஆசிரியை செய்ததும் அதுவேதான். ஒரு பருவம் முழுவதும், பத்துப் பாட்டில், கொட்டுக கொட்டுக என்று இரந்து நிற்கிறார்கள் புலவர்கள். கேட்ட உடனே கொட்டுகிற பிள்ளைக்குப் பத்துப் பாட்டு எதற்கு? வருகைப் பருவமும் அப்படியே. அழைத்தால் வராத பிள்ளையைத்தான் பத்து முறை அழைக்க வேண்டும்.

சிற்றில் பருவம் இன்னும் நெருங்கிய சான்று. சிறுமியர் கூடி மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். ஆண்பிள்ளை ஒருவன் வந்து காலால் சிதைக்கிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பலர் கூடிச் செய்யும் விளையாட்டை ஒரு சிறுவன் குலைப்பது அத்தனை இயல்பானது என்று கண்டதால்தான் அதற்கென்று ஒரு பருவத்தையே ஒதுக்கியிருக்கிறார்கள். குலைத்தவனைப் பாட்டுடைத் தலைவனாகவும் வைத்திருக்கிறார்கள்!

நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அம்புலிப் பருவம். குழந்தை நிலவைக் கேட்கிறது. கிடைக்கவே கிடைக்காத பொருளுக்கு அடம். இங்கே சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நால்வகை உபாயங்களும் அமையப் பாட வேண்டும் என்பது மரபு. அரசர் பகைவரிடம் கையாளும் உபாயங்கள் அவை. இதைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். நடத்தும்போதெல்லாம் ஒன்றைக் கவனியாமலே கடந்து போனோம் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் உறைத்தது. அந்த நான்கு உபாயங்களும் குழந்தையை நோக்கியவை அல்ல, நிலவை நோக்கியவை. புகழ்வதும் நிலவை, ஆசை காட்டுவதும் நிலவுக்கு, அச்சுறுத்துவதும் நிலவைத்தான். கேட்பதை விட்டுவிடு என்று குழந்தையிடம் எவரும் சொல்லவில்லை. நாமோ அன்று காலை நான்கு உபாயங்களையும் மருமகன்மேல் வரிசையாகச் செலுத்தி நான்கிலும் தோற்றிருந்தோம்.

பெரியாழ்வாரின் திருமொழியும் இவ்வாறே. நீராட வரமாட்டேன் என்கிற பிள்ளை, காது குத்திக்கொள்ள மறுக்கிற பிள்ளை, அவனைத் தின்பண்டம் காட்டி அழைக்கிற தாய். பிள்ளைத்தமிழுக்குப் பல நூற்றாண்டு முந்திய பாடல்கள் இவை. இந்த ஊர் வரதராசப் பெருமாள் சன்னதியில் இன்றும் ஓதப்படுவது பிள்ளையின் அடமுந்தான்.

காதுகுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் அவனுக்குத் தாய்மாமன். அவன் ஒரு வயதில் நம் மடியில் அமர்ந்துதான் மொட்டையடித்துக்கொண்டான், காது குத்திக்கொண்டான். அப்போதும் இதே அலறல்தான். ஐம்பது பேர் சூழ நின்றார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் சர்க்கரையை வாயில் வைத்தார், ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். அழாவிட்டால்தான் என்னவோ ஏதோ என்று கேட்டிருப்பார்கள். அதே தொண்டை, அதே அழுகை; மாடியில் மட்டும் அது ஏன் நமக்கு வெட்கமாயிற்று? காதுகுத்தில் கூட்டம் குழந்தைக்காகக் கூடியது. வகுப்பில் குழந்தை கூட்டத்தோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. வேறுபாடு அவ்வளவே.

ஒத்துப்போக வேண்டிய கூட்டம் அந்தக் காலத்தில் எப்போது வந்தது? பெரும்பாலும் ஐந்து வயதில், திண்ணைப் பள்ளியில். விசயதசமியன்று ஏடு தொடங்கி, மணலில் விரல் பிடித்து எழுத வைத்தார்கள். 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் அவருடைய முறை பிறகு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து வரை சென்றது. நமக்கு அதில் பெருமைதான். ஆனால் திண்ணையில் சட்டாம்பிள்ளை மட்டுமா இருந்தான்? கோதண்டம் இருந்தது, குதிரையேற்றம் இருந்தது, அண்ணாந்தாள் இருந்தது. கோதண்டம் என்றால் இராமன் வில்லன்று. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனை. பள்ளிக்கு வர மறுத்தவனைப் பெரிய பையன்கள் கைகால் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மூதாட்டி சொன்ன 'ஒரு அதட்டு' என்பதன் நீளம் இது.

காஞ்சிபுரத்தில் திண்ணைக்கு நிகராக இன்னோர் இடமும் உண்டு. தறிக்குழி.

இந்த ஊர்ப் புடைவையின் சிறப்பு உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமைந்து, கோர்வையாக இணைவது. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவரே மூன்றையும் ஓட்ட இயலாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் தருவதற்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர வேண்டும். உழைப்பு மிகுந்தது, பொறுமை வேண்டும், கூலியோ குறைவு. ஆகவே அந்த இடம் பல காலம் குழந்தையின் இடமாக இருந்தது. சொந்தப் பிள்ளை, இல்லையென்றால் முன்பணம் கொடுத்து அமர்த்திய பிறர் பிள்ளை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் துணையோடு நடக்கும் தொழிலிடத்திற்கு விலக்களித்தது. வீட்டுத் தறிக்கு அது ஒரு வாசலாயிற்று. இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துத் தறிகளும் இடம்பெற்றன. 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற விலக்கு அப்போதும் எஞ்சியது.

அதே 2003இல் அமெரிக்காவில் மைக்கேல் பொட்டீகலும் ரிச்சர்டு டேவிட்சனும், சிறு குழந்தைகளின் அடத்தைப் பெற்றோர் எழுதித்தந்த விவரங்களைக் கொண்டு ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நான்கில் மூன்று பங்கு அடங்கள் ஐந்து நிமிடத்திற்குள் தாமே தணிந்துவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. 1931இலேயே புளோரன்சு குடினஃப் என்ற அம்மையார் நாற்பத்தைந்து குழந்தைகளின் தாய்மாரை நாட்குறிப்பு எழுதச் செய்து, சினம் உச்சம் பெறுவது இரண்டாம் வயதில் என்று காட்டியிருந்தார். மருமகன் இந்த நூல்களின்படி ஒழுங்காகவே நடந்துகொண்டிருக்கிறான்.

ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும் என்பதற்கு ஆய்வு வேண்டியிருந்தது. ஐந்து நிமிடம்கூட அழ இடமில்லாத பிள்ளை எப்படி இருக்கும்? இரண்டாம் ஞாயிறு வகுப்புக்கு வெளியே காத்திருந்தபோது மூதாட்டியிடம் கேட்டோம், நீங்கள் சிறுவயதில் அடம்பிடித்ததே இல்லையா அம்மா என்று. சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"ஏழு வயசுல தறியில உக்காந்தேன் சார். எதுக்க ஒருத்தர் வீட்டுத் தறி. மொத நாள் அழுதேன். பட்டு நனைஞ்சா கறை விழும்னு சொன்னாங்க. அப்புறம் அழல."

கண்ணீரால் பட்டில் கறை விழுமா என்று நாம் கேட்கவில்லை. அவர் பிள்ளைகள் அடம்பிடித்ததில்லை என்றது பொய்யன்று என்பது மட்டும் விளங்கிற்று. அவருடைய கூற்றுக்குச் சான்று அவரே.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர்க்குப் பயிற்சி நடத்தினார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் மகன் மாரியோவைப் பிரித்தானிய அரசு பகைநாட்டவர் என்று சிறைவைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று, ஆகத்து 31இல், மகனைத் திருப்பி அளித்தது. சில மாதப் பயிற்சிக்கென்று வந்தவர் 1946 வரை இந்த நாட்டில் தங்க நேர்ந்தது. அடையாற்றிலிருந்து காஞ்சி நாற்பத்தைந்து கல்தான். அந்த ஓலைக் கொட்டகையின் காற்று தறிக்குழி வரை வீசவில்லை.

அவர் தம் நூலொன்றில் சொல்லும் நிகழ்ச்சி நமக்கு உதவியது. நேப்பிள்ஸ் அருகே ஒரு குகையைப் பார்க்கப் பலர் கூடிச் செல்கின்றனர். நடந்து களைத்த குழந்தையைத் தாய் தூக்கிக்கொள்கிறாள். வெப்பம் தாளாமல் தன் மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொள்கிறாள். குழந்தை அழத் தொடங்குகிறது, அழுகை ஏறுகிறது, கூட்டத்தார் ஆளுக்கொரு கை மாற்றித் தூக்கிப் பார்க்கின்றனர், அதட்டலும் நடக்கிறது. மாண்டிசோரி தாயிடம் சென்று, மேலங்கியை அணிய உதவட்டுமா என்கிறார். அணிந்ததும் அழுகை நிற்கிறது. மேலங்கி தோளில் இருக்க வேண்டிய பொருள். கையில் தொங்கியது குழந்தைக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் முழுவதும் குழந்தையைப் பார்த்தது. குழந்தை எதைப் பார்க்கிறது என்று பார்த்தவர் ஒருவர்.

அவருடைய வழியைச் சிற்றூருக்கு ஏற்ப மாற்றியவர்கள் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும். 1945இல் மகாராட்டிரத்தின் போர்டியில் பாலர் பள்ளி தொடங்கினர். ஏழைக் குடியிருப்புக் குழந்தைகள் வரவில்லை. பிடித்துவர ஆளனுப்பவில்லை, ஆசிரியைகளே அக்குழந்தைகளின் முற்றத்திற்குச் சென்றனர். அங்கன்வாடி என்ற சொல் அப்படிப் பிறந்தது. (நம் 'அங்கணம்' அதற்கு உறவு. வள்ளுவர் அதைத் தூய்மையற்ற முற்றத்திற்கு ஆண்டிருக்கிறார். சொல்லின் நல்லூழ் வடக்கே விளைந்தது.) 1975 அக்டோபர் 2இல் நடுவண் அரசு அதைத் திட்டமாக்கிற்று. 1982 சூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சோறிட்டார். நாமே அப்படியொரு பாலர் கூடத்தின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவர்தாம். ஆயா ஒன்றும் சொல்லமாட்டார். சத்துமாவு உருண்டையைக் கம்பி இடுக்கில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அழுது முடித்துத் தின்போம்.

மூன்றாம் ஞாயிறு, மருமகன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்தோம். அவன் பறையைப் பார்க்கவில்லை, ஆசிரியையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தான். வாசலில் இருபது சோடிச் செருப்புகள் கலந்து கிடந்தன. அவற்றுள் எங்கோ அவனுடைய புதுச் செருப்பு, நீல நிறம். அதைப் போய் எடுத்து வந்து கையில் கொடுத்தோம். அலறல் நின்றது. வேறொரு சிக்கல் எழுந்தது: சுவரில் சரசுவதி படம், கீழே கையில் செருப்போடு ஒரு பிள்ளை. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் நம்மைப் பார்த்தார்.

மூதாட்டி எழுந்து வந்தார். தம் பையிலிருந்து பழைய பட்டுக்கடைத் துணிப்பை ஒன்றை எடுத்து உதறினார். "கண்ணு, இதுல போட்டுக்கறியா? நீயே வச்சுக்க" என்றார். அவன் ஒவ்வொன்றாகப் போட்டான். காதுகளைத் தோளில் மாட்டிவிட்டார். பை முழங்கால் வரை தொங்கியது.

வட்டத்துக்குள் அவன் அன்றும் செல்லவில்லை. மூதாட்டியின் பக்கத்தில் சுவரோரம் நின்றுகொண்டு, பறை நின்றபின், எல்லோரும் ஓய்ந்தபின், இரண்டு முறை கைதட்டினான்.