"முடியாது, உட்காரு"



1980-களின் நடுவில், புவனகிரிப் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. "எரிதல் மீளா மாற்றம்" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்தான். "சார், நெய்வேலிப் புகையை மறுபடியும் எரியிற பொருளா மாத்த முடியாதா?" அவன் அப்பாவுக்கு நெய்வேலியில் கூலி வேலை. "முடியாது, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு அவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்றபின் படித்துப் பார்த்தபோதுதான் என் பதில் தவறு என்று தெரிந்தது. புகையில் உள்ள கரியமில வாயுவை மின்சாரத்தால் ஃபார்மிக் அமிலமாக மாற்றலாம் என்று 1870-லேயே ராயர் என்பவர் பிரெஞ்சு மொழியில் எழுதிவிட்டார். எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்தான்.

நான் பையனை உட்காரவைத்த அதே காலத்தில், 1985-ல், ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரி குழுவினர் உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். பைகார்பனேட் கலந்த நீரில் உலோகத் தகட்டை வைத்து, கரியமில வாயுவைச் செலுத்தி, மின்சாரம் பாய்ச்சினார்கள். தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடு தந்தன. ஈயமும் வெள்ளீயமும் ஃபார்மிக் அமில வகையைத் தந்தன. இரும்பிலும் நிக்கலிலும் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் வந்தது. செம்பு மட்டும் மீத்தேன் தந்தது. எரியும் வாயு!

காரணம் எளிது. வழியில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடை வெள்ளி சட்டென விட்டுவிடுகிறது. நிக்கல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. செம்பின் பிடி நடுத்தரம். அதனால் அடுத்த மாற்றமும் நடக்க இடம் கிடைக்கிறது.

ஒற்றை உலோகங்களைச் சோதித்துவிடலாம். உலோகக் கலவைகளோ ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றையும் செய்து பார்க்க ஆயுள் போதாது. எனவே அந்தப் 'பிடியை' முதலில் கணினியிலேயே கணக்கிட்டுச் சலித்தெடுக்கிறார்கள். டொராண்டோ, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் செம்பு கலந்த 244 படிகங்களை இப்படி அலசி, செம்பு-அலுமினியக் கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைச் செய்து பார்த்தபோது, பாய்ச்சிய மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் எத்திலீன் உண்டாக்கப் பயன்பட்டது. 2020-ல் வெளியான ஆய்வு இது. எத்திலீன்தான் பாலிதீனுக்கு மூலப்பொருள். சலிப்பது கணினி என்றாலும், கடைசித் தீர்ப்பு சோதனைக் குவளையில்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. நிலக்கரியில் எடுத்த மின்சாரத்தை வைத்தே இதைச் செய்தால், மீட்பதைவிட அதிகப் புகையை உண்டாக்குவோம். வெயிலிலிருந்தோ காற்றிலிருந்தோ மின்சாரம் வர வேண்டும்.

இந்தத் துறைக்கு நாம் அந்நியர்கள் அல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அன்று நான், "தெரியவில்லை, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால், அந்தப் பையன் அங்கே போயிருப்பானோ என்னவோ.

தம்பி, இதைப் படிக்க நேர்ந்தால் சாரை மன்னித்துவிடு. உன் கேள்வி சரியான கேள்வி. இப்போது வகுப்பறையில் இருக்கும் ஆசிரியர்களே, "முடியாது" என்று சொல்லும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.